பிளேட்டை மாத்துனது யாரு

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. பூதக்கண்ணாடி கொண்டாந்தீகளா? நல்லதாப் போச்சு. கிட்டாரு எங்கயும் ஓடிப் போயிறாது. நேத்து நீங்க கழட்டி வச்ச மேனிக்கே உடம்பு ஒரு துணியில, கழுத்து ஒரு துணியில, பெஞ்சு மேல கெடக்கு. முதல்ல காபியைக் குடிங்க. கொடைக்கானல்ல இருந்து எங்களுக்காக இறங்கி வந்திருக்கீக, ஆறவிட்டா எனக்குத்தான் அசிங்கம். நீங்க குடிக்கிறதுக்குள்ள நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்புடுறேன். நீங்க எழுதிக் குடுக்கப் போற காயிதத்துல அதுவும் வரணும், அதுக்குத்தான்.

இந்தா படுத்திருக்காகல்ல எங்க வீட்டுக்காரரு, இவுக எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாக. காது நல்லாக் கேக்கும். வலது கை, வலது கால், பேச்சு, மூணும் ஆனி மாசம் வாதம் வந்ததோட போச்சு. இடது கை மட்டும் சும்மா இருக்காது. பாருங்க, போர்வை மேல விரலை அமுக்கி அமுக்கி எடுக்குறாக. கம்பி இருக்குறதா நெனப்பு. இன்னொரு தடவை வந்தாத் தாங்காதும்மான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அது நாளைக்கும் வரலாமாம், அடுத்த வருசமும் வரலாமாம். அப்படிச் சொல்லி அனுப்புனா ஒரு பொம்பளை என்னதான் செய்வா, சொல்லுங்க. சோறு ஊட்டலாம், துடைச்சு விடலாம். வேற என்ன செய்ய?

அதான் இதையாவது செஞ்சிருவோம்னு, கிட்டாரு விசயம் தெரிஞ்சவருன்னு உங்களைத் தேடிப் பிடிச்சேன். எனக்கு ரெண்டே ரெண்டுதான் தம்பி தெரியணும். ஒண்ணு, இது அசல் அமெரிக்கா கிட்டாரு, அறுபத்துநாலாம் வருசத்து கிட்டாரு, இவுக சொன்னது பொய்யில்ல. ரெண்டு, இதோட பின்னாடி, கழுத்து வந்து சேர்ற எடத்துல இருக்கே பளபளன்னு ஒரு பிளேட்டு, அது இதோட பிளேட்டு இல்ல, நம்பர் போட்ட பிளேட்டை எவனோ கழட்டிட்டு வேற போட்டுட்டான். எவனோ என்ன எவனோ. சவரிமுத்துதான்.

இருங்க, முதல்ல இருந்து வாரேன்.

எங்களுக்குக் கல்யாணமான புதுசு. இங்க ரயில்வே காலனியில பெரைரான்னு ஒரு ரயில் கார்டு இருந்தாரு, சட்டைக்காரரு, ஆங்கிலோ இந்தியரு. குடும்பத்தோட ஆஸ்திரேலியா போறோம்னு கட்டில், பீரோ, நாய்க்கூண்டு எல்லாத்தையும் வித்துக்கிட்டு இருந்தாரு. இவுக ஃபேன் வாங்கப் போனாக, கிட்டாரோட வந்தாக. சைக்கிளும் போச்சு, எங்க அம்மா போட்டுவிட்ட தோடும் போச்சு. நான் ஒரு வாரம் பேசலை. எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, அதைக் கவுத்துப் போட்டு, என் விரலைப் பிடிச்சு அந்தப் பிளேட்டு மேல வச்சுத் தேச்சாக. ஒரு இங்கிலீஷ் எழுத்து, அப்புறம் அஞ்சு நம்பர். விரல்ல தட்டுப்படும் தம்பி, குழி குழியா. "இதான் இதுக்குப் பொறந்த சர்ட்டிபிகேட்டு. பெரைராவோட அண்ணன் கப்பல்ல வேலை பாத்தவரு, அமெரிக்காவுலயே வாங்குனாராம், அறுபத்துநாலு"ன்னாக. எனக்கு அவ்வளவா விளங்கலை. ஆனா இவுக மூஞ்சியைப் பாத்ததும் தோடு போனது மறந்துபோச்சு.

அப்படி நான் என் விரலால தடவிப் பாத்த நம்பரு. அதை எவனாவது இல்லைன்னு சொன்னா நான் கேட்டுக்கிட்டு இருப்பேனா?

சவரிமுத்து ஆர்கன் வாசிப்பான். கச்சேரிக் குழு அவன் பேருல நடந்துச்சு, அதுல கிட்டாரு இவுக. அப்ப நான் அவனை அண்ணே அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். அவன் பொண்டாட்டி ஸ்டெல்லா எனக்கு மதினி. கிறிஸ்துமசுக்கு அவுக வீட்டுக் கேக்கு இங்க வரும், பொங்கலுக்கு நம்ம வீட்டுப் பானையே அங்க போகும். இவுகளும் அவனும் ஒரே சட்டைத் துணியில தச்சுப் போடுவாக. ஊருல பாத்துட்டு அண்ணன் தம்பியான்னு கேப்பாக. அதெல்லாம் ஒரு காலம்.

நான் அந்தக் கிட்டாரை எப்படி வச்சிருந்தேன் தெரியுமா? இவுக கம்பியைத் துடைப்பாக, அவ்வளவுதான். ஆம்பளைக்கு வேற என்ன தெரியும். வெள்ளிக்கெழமை குத்துவிளக்கு தேய்க்கையில இதையும் எடுத்து மடியில போட்டுக்குவேன். மரத்துல தண்ணி படாம, பிளேட்டை மட்டும். புளியும் செங்கப்பொடியும். கடையில விக்கிற பொடி இல்ல தம்பி, நானே செங்கலை இடிச்சு, வேட்டித் துணியில சலிச்சு டப்பாவுல வச்சிருப்பேன். ஆயுத பூசைன்னா இன்னும் ஒரு பிடி கூட. தேச்சு, துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, ஆர்மோனியத்துக்குப் பக்கத்துல சாத்தி வைப்போம். அந்தப் பிளேட்டுல மூஞ்சி பாத்துத் தலை சீவலாம். "ஏய், அது விளக்கில்லடி"ம்பாக இவுக. சொல்லிட்டுச் சிரிப்பாக. மேடையில திரும்புறப்ப லைட்டு பட்டு மின்னும்ல, அதுல இவுகளுக்கும் பெருமைதான்.

தலைப்பக்கம் இங்கிலீஷ்ல பேரு எழுதியிருந்துச்சு, அது பாதி உரிஞ்சு போயி அலங்கோலமாத் தெரிஞ்சுச்சு. அது மேல ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டினேன். நேத்து நீங்க அதை உரிச்சீகளே, பேரும் சேந்து வந்துருச்சே, அதுல உங்க மேல தப்பில்ல. அந்தக் காலத்துப் பசை அப்படி.

சரி, விசயத்துக்கு வாரேன். தொண்ணூத்தொண்ணு, ஐப்பசி மாசம். விருதுநகர்ல பெரிய எடத்துக் கல்யாணம். ஆயுத பூசை முடிஞ்ச மறுவாரம். ஒத்திகைக்குன்னு மூணு நாள் எல்லாச் சாமானும் சவரிமுத்து வீட்டுலதான் கெடந்துச்சு. கிட்டாரும் அங்கதான். மூணு நாளு! மனசுல வச்சுக்கிருங்க.

கல்யாணத்துக்கு மெட்ராஸ்ல இருந்து ஒரு ரிக்கார்டிங் காரரு வந்திருக்காரு. இடைவேளையில மேடைக்கு வந்து, இது என்ன கிட்டாருன்னு கேட்டிருக்காரு. இவுக அமெரிக்கா, அறுபத்துநாலுன்னு சொல்லியிருக்காக. அவரு நம்பலை. உடனே சவரிமுத்து, "ரத்தினம், திருப்பிக் காட்டுடா நம்பரை"ன்னானாம். மைக் வேற பக்கத்துல. இவுக பெருமையா எடுத்துத் திருப்பியிருக்காக. பிளேட்டு கண்ணாடி மாதிரி இருக்கு. நம்பரைக் காணோம். ஒரு புள்ளி கூட இல்ல.

மெட்ராஸ்காரரு சிரிச்சாராம். "கல்கத்தா டூப்பு"ன்னாராம். அது கூடப் பரவாயில்ல, அவரு யாரோ எவரோ. சவரிமுத்தும் சேந்து சிரிச்சானாம் தம்பி. பந்தியில உக்காந்திருந்தவுகளுக்கெல்லாம் கேட்டிருக்கு. அன்னைக்கு வச்ச பேருதான் டூப்பு ரத்தினம். நான் இவுக பேரைச் சொல்ற ஆளு இல்ல, ஆனா ஊரு சொன்னதைச் சொல்லணும்ல. காய்கறிக்காரி வரைக்கும் அந்தப் பேரு வந்து சேந்துச்சு.

வீட்டுக்கு வந்தாக. கிட்டாரைக் கவுத்துப் போட்டாக. பிளேட்டை ரொம்ப நேரம் பாத்தாக. அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பாத்தாக. "என்னங்க"ன்னேன். "முதல்லருந்தே நம்பர் இல்ல போல"ன்னாக. எப்படி இருக்கும்? நான் தடவிப் பாத்திருக்கேனே! "நம்ம கிட்டாரு மூணு நாளு யாரு வீட்டுல கெடந்துச்சு?"ன்னு கேட்டேன். "விடு"ன்னாக. அதுக்கு மேல வாயைத் தெறக்கலை. மனுசன் அவ்வளவு நல்லவுக, சிநேகிதன் மேல பழி சொல்ல நாக்கு வரலை. அப்ப நான்தானே கேக்கணும்?

கேட்டேன். மறுநாள் காலையில ஞானஒளிவுபுரத்துக்கு நடந்தே போனேன். அவன் வீட்டு வாசல்ல நின்னு, தெரு மண்ணை ரெண்டு கையாலயும் வாரித் தூத்துனேன். "என் புருசன் பிளேட்டைத் திருடுனவன் குடும்பம் வெளங்குமா"ன்னு கேட்டேன். தெருவே கூடிருச்சு. ஸ்டெல்லா மதினி இடுப்புல பிள்ளையோட நின்னுச்சு. அவன் மட்டும், "தங்கச்சி, என் பிள்ளை மேல சத்தியமா நான் தொடலை"ன்னான். சத்தியம் பண்ணாத திருடன் யாரு இருக்கான்? அந்த வருசமே அந்தப் பிள்ளை மாடியில இருந்து விழுந்து காலை ஒடிச்சுக்கிருச்சு. நான் விட்ட சாபம்தான்னு பேசிக்கிட்டாக. எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா தப்புப் பண்ணுனது அவன்தானே.

இவுக கச்சேரியை விட்டாக. மோட்டாருக்கு காயில் கட்டுற கடையில உக்காந்தாக. கிட்டாரை உறையில போட்டு, ஆணியில மாட்டி, "இதைத் தொடாத"ன்னுட்டாக. தேய்க்க விடலை, பூசையில வைக்க விடலை. அவ்வளவு மனசு விட்டுப்போச்சு பாருங்க. முப்பத்துமூணு வருசம். நான் எத்தனையோ தடவை, "அவனை வரச் சொல்லி சத்தியம் வாங்குங்க, மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க"ன்னு சண்டை போட்டிருக்கேன். எல்லாத்துக்கும் கையைத்தான் ஆட்டுவாக, விடு விடுன்னு.

இப்ப எதுக்கு இவ்வளவும்னா, சவரிமுத்து ரெண்டு தடவை வந்துட்டான். முதத் தடவை ஆடி மாசம், ஆப்பிள் பையோட வாசல்ல நிக்கிறான். முடியெல்லாம் கொட்டி, கம்பு ஊனிக்கிட்டு. "ரத்தினத்தைப் பாக்கணும் தங்கச்சி"ங்குறான். "பிளேட்டை மாத்துனது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லு, உள்ள வா"ன்னேன். அந்த ஒரு வார்த்தைதானே கேட்டேன்? "செய்யாததை எப்படிம்மா சொல்லுவேன்"னு திண்டாடிக்கிட்டு நின்னான். கதவைச் சாத்திட்டேன். போன வாரமும் வந்தான், அதே பதில்தான், அதே கதவுதான். அவன் குரல் கேட்டதுல இருந்து இவுக கட்டில் கம்பியை இடது கையால தட்டிக்கிட்டே இருக்காக. கோவம் இருக்காதா? டொங்கு டொங்குன்னு. நான் போயி, "விட்டுட்டேனா பாத்தீகளா, உள்ள விடுவேனா"ன்னு தலையைத் தடவிக் குடுத்தேன். அதுக்கப்புறம் இன்னும் பலமாத் தட்டுனாக.

வியாழக்கெழமை அவன் கனடாவுக்குப் போறானாம், மககிட்ட. திரும்பி வரமாட்டானாம். நாளும் இல்ல தம்பி. நீங்க ஒரு காயிதம் எழுதிக் குடுத்தா, அதை அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டி, இப்ப சொல்லுடான்னு கேட்டுருவேன். இதுக்கு முன்னாடி ரெண்டு பேருகிட்டக் காட்டியாச்சு. ஒருத்தரு போட்டோவைப் பாத்துட்டு ஜப்பான்னாரு. பாட்டுச் சாமான் கடைக்காரரு மூணு கிட்டாரை உடைச்சு ஒண்ணா ஒட்டினதுன்னாரு. நீங்க ஒருத்தர்தான் கழட்டிப் பாத்தீக. கழுத்தோட அடிக்கட்டையில, செஞ்சவுக பென்சிலால தேதி எழுதியிருப்பாக, என்னமோ மங்கலாத் தெரியுதுன்னு நீங்க சொன்னதும் எனக்கு உசுரு வந்துச்சு. அந்த நேரம் பாத்துக் கரண்டும் போச்சு.

குடிச்சிட்டீகளா? டம்ளரை அப்படியே வைங்க. எடுத்துப் பாருங்க இனிமே.

அடியில நல்லாத் தெரியுதா? நேத்து ஒரே தூசியும் பிசுக்குமா இருந்துச்சு, நீங்க கண்ணை இடுக்கி இடுக்கிப் பாத்தீக, எனக்குச் சங்கடமாப் போச்சு. அதான் காலையில மண்ணெண்ணெயில துணியை நனைச்சு, சுத்தமாத் துடைச்சு வச்சேன். இவுக பாத்துக்கிட்டே இருந்தாக. என்ன தட்டு தட்டுனாக தெரியுமா கட்டிலை! கத்துனாக. கண்ணுல தண்ணி. முப்பத்துமூணு வருசம் கழிச்சு நியாயம் கெடைக்கப் போகுதுல்ல. அப்புறம் திடீர்னு சிரிச்சாக பாருங்க தம்பி. படுத்ததுல இருந்து சிரிக்காதவுக. வாய் கோணி, குலுங்கிக் குலுங்கி. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு, ரெண்டு பேரும் சிரிச்சோம்.

என்ன தம்பி, கண்ணாடியை அங்கிட்டும் இங்கிட்டும் கொண்டு போறீக? ஏன் கீழ வச்சுட்டீக?

எழுத்தா? எழுத்து ஒண்ணும் இல்லையே. அழுக்குதான் இருந்துச்சு. சாம்பக் கலர்ல, கோழி கிண்டுன மாதிரி, துடைச்சதும் வந்துருச்சு... அதுவா?

அதுதானா?

அய்யோ. தொடாதீகன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தம்பி? எனக்கு என்ன தெரியும்? எழுத்துன்னா கம்பெனி எழுத்து மாதிரி இருக்கும்னு நெனச்சேன். அப்ப இவுக கத்துனது... சரி. சரி, அது என் தப்பு. எந்த வருசம்னு காட்டுற எழுத்து போச்சு, போகட்டும். பிளேட்டைப் பத்தியாவது எழுதுங்க. பிளேட்டை மாத்தியிருக்காகன்னு ஒரு வரி எழுதுங்க, எனக்கு அது போதும்.

ஏன் எழுத மாட்டீக?

பெயிண்டா? பிளேட்டோட ஓரத்துல பெயிண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சா. சரி. நேத்து நீங்க கழட்டையில அது உரிஞ்சுச்சு. சரி. நாலு திருகாணியும் கம்பெனியில முடுக்குன மேனிக்கே இருந்துச்சு, உங்களுக்கு முன்னாடி யாரும் கழட்டுனதே இல்ல... தம்பி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மூணு நாளு அவன் வீட்டுல கெடந்துச்சு. இல்லையா? சத்தியமாவா? அப்ப இது இதோட பிளேட்டேதானா?

அப்ப நம்பரு எங்க?

என்ன கேக்குறீக? எதை வச்சுத் தேய்ப்பேன்னா? அதான் சொன்னேனே. புளியும் செங்கப்பொடியும். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை. பன்னெண்டு வருசமா வெள்ளி...

அந்தப் பிளேட்டை இங்க குடுங்க.

ஒண்ணும் தட்டுப்படலை.

இவுகளுக்குத் தெரியும் தம்பி. விருதுநகர்ல இருந்து வந்த அன்னைக்கே தெரியும். பிளேட்டைப் பாத்துட்டு என்னைப் பாத்தாகன்னு சொன்னேன்ல? மூஞ்சியைப் பாக்கலை. என் கையைப் பாத்தாக. விரல் இடுக்குல செங்கப்பொடிச் செவப்பு இருக்கும்ல, அதைப் பாத்தாக. டூப்புன்னு ஊரு சொன்னப்பயும் சொல்லலை. நான் மண்ணை வாரித் தூத்திட்டு வந்து நின்னப்பயும் சொல்லலை. ஏங்க, ஏன் சொல்லலை? ரெண்டு அடி அடிச்சு, நீதான்டி தேச்சு அழிச்சேன்னு சொல்லியிருந்தா, அன்னைக்கே நான் மதினி கால்ல விழுந்திருப்பேனே. என்னை ஒரு வார்த்தை சொல்ல மனசில்லாம நீங்க உங்க சிநேகிதனை விட்டுட்டீக. நான் அந்த மனுசன் முகத்துல ரெண்டு தடவை கதவைச் சாத்துனேன். நீங்க தட்டுனீக, நான் கோவம்னு நெனச்சேன். பாருங்க தம்பி, இப்பவும் கையை ஆட்டுறாக. விடு விடுன்னு.

அந்தப் பிள்ளை காலு... அது வேற, மாடியில இருந்து விழுந்தது வேற. இல்லையா தம்பி? சாபமெல்லாம் சும்மா பேச்சுதானே?

நீங்க பஸ் ஸ்டாண்டுக்குத்தானே போகணும். காயிதம் ஒண்ணும் வேணாம். போற வழியில ஒரு ஒத்தாசை பண்ணுங்க. ஞானஒளிவுபுரத்துல சவரிமுத்து அண்ணே வீட்டுக்குப் போயி, இன்னைக்கே வரச் சொல்லுங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லாதீக, எனக்கு மூஞ்சி இல்ல. இவுக கூப்பிட்டாகன்னு சொல்லுங்க. பேச முடியாதவன் எப்படிக் கூப்பிட்டான்னு அண்ணே கேக்க மாட்டாரு. கேட்டா மட்டும், அவ கூப்பிட்டான்னு சொல்லுங்க.

வீட்டு நம்பர் தெரியாது. பச்சைக் கேட்டு போட்ட வீடு, இப்ப கலரை மாத்தியிருப்பாக. கண்டுபிடிக்க முடியலைன்னா தெருவுல வயசான ஆள் யாரையாவது கேளுங்க. ஒரு பொம்பளை மண்ணை வாரித் தூத்துன வீடு எதுன்னு கேட்டா, காட்டுவாக.